கிட்டுசாமியின் கோல்ஃப் மரியாதை

நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் எங்கள் முதலாளி கிட்டுசாமி, செல்போனில் கோல்ஃப் ஆடி இதுவரை யாரையும் ஜெயித்ததில்லை. சூப்பர்வைசரான நான்தான் சொல்லிக்கொடுத்தேன். காற்று எந்தப் பக்கம் என்று அம்புக்குறி காட்டும், அதற்கேற்பக் குறி வைக்க வேண்டும். ஓடும் முள் நடுவுக்கு வரும்போது விரலை எடுக்க வேண்டும். குழிக்கு அருகில் மெதுவாகத் தட்டினால் போதும். எல்லாம் சுத்தமாகப் பிடிபட்டுவிட்டது. தனியாக ஆடினால் பந்து நேரே குழிக்குள் போகிறது.

ஆனால் நெட்டில் எதிராளி வந்துவிட்டால் அடிக்கமாட்டார். "நீங்க மொதல்ல அடிங்க சாமி" என்று போனைக் கும்பிடுவார். அதற்குள் அவர் முறைக்கான நேரம் முடிந்துவிடும். எதிராளி அடிப்பான், ஜெயிப்பான்.

"மொதலாளி, அவன் எந்த நாட்டுக்காரனோ! நீங்க பேசுறது அவனுக்குக் கேக்கவே கேக்காது" என்று கத்தினேன்.

"கேக்காட்டிப் போச்சாதுங்க ராபின். வந்தவரை நிக்க வெச்சுப்போட்டு நாம அடிச்சா நல்லாவாங்க இருக்கும்?"

நேற்று இவர் வழக்கம்போல அடிக்கவில்லை. முறை எதிராளிக்குப் போனது. அவனும் அடிக்கவில்லை. திரும்ப இவருக்கு வந்தது, திரும்ப அவனுக்குப் போனது. கடைசியில் ஆட்டமே ரத்தாகிவிட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கிட்டுசாமிக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க ராபின், இவரு எந்த ஊருன்னு விசாரிங்க. அவங்க ஊட்டுல பையன் இருந்தா நம்ம பொண்ணு தேஜஸ்ரீக்குப் பேசி முடிச்சரலாம்."