டப்பாவுக்கு வச்ச எலுமிச்சம்பழம்

கூலிம்ல நான் வேல செய்யிற பேக்டரிக்குள்ள போனா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்போம். வெள்ள சட்ட, வெள்ள தொப்பி, வெள்ள முகமூடி. கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். ஒரு நாளு எங்க சூப்பர்வைசர் நடக்குற மாதிரி வயித்த முன்னாடி தள்ளிக்கிட்டு நடந்து காட்டுனேன். எல்லாரும் மெஷினயே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரு ஜோடி கண்ணு மட்டும் குலுங்குச்சு. அப்படித்தான் எனக்கு கூட்டாளி கெடச்சான். அவன் மூஞ்சிய அப்பறம் கேண்டீன்லதான் பாத்தேன். "முகமூடியோடயே இருந்திருக்கலாம்லா மச்சான்"னு சொன்னேன். "நீ பேசாமயே இருந்திருக்கலாம்"னான். சரியா போச்சு.

அவன்தான் எனக்கு ஜியோகேச்சிங்னு ஒண்ண காட்டுனான். பேருதான் பெருசு. யாரோ ஒரு ஆளு ஒரு டப்பாவ எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிட்டு, எடத்த போன்ல போட்டுருவான். நம்ம மேப்ப பாத்து போயி தேடணும். கெடச்சா, உள்ள இருக்குற தாளுல பேர எழுதிட்டு, இருந்த எடத்துலயே திருப்பி வச்சிட்டு வந்துரணும். பரிசு கெடையாது, காசு டுயிட் கெடையாது, ஒரு கோப்பி தண்ணி கூட கெடையாது. "இதுக்கு பெட்ரோல் ஊத்திட்டு போறவன் கிலா புடிச்ச பைத்தியக்காரன்"னு சிரிச்சேன். அடுத்த லீவுக்கு நாந்தான் மொதல்ல போயி அவன் வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சேன்.

இந்த வெளையாட்ட ரெண்டு பேரா ஆடணும். அப்படி சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா ஒருத்தன் பொந்துல கைய விடும்போது இன்னொருத்தன் ஆள் பாக்கணும். வேற யாரும் டப்பாவ பாத்துரக்கூடாது, பாத்தா தூக்கிட்டு போயிருவாங்க. நாங்க ஒரு தந்திரம் வச்சிருந்தோம். யாராச்சும் வந்தா, ஆள் பாக்குறவன் சத்தமா "மோதிரம் கெடச்சிருச்சாடா?"ன்னு கேப்பான். கைய விட்டவன் "இல்லடா, அவ என்னைய கொன்னுருவா"ன்னு அழுவுற மாதிரி சொல்லணும். வர்றவங்க பாவப்பட்டு போயிருவாங்க. பீடோங்ல ஒரு வயசான பாட்டையா எங்களோட சேந்து இல்லாத மோதிரத்த தேடுனாரு. முட்டி போட்டு தேடுனாரு. எங்களுக்கு சிரிப்ப அடக்க முடியல.

அப்பறம் நாங்களும் ஒரு டப்பா வைக்கலாம்னு முடிவு பண்ணோம். மெர்போக் பக்கத்துல அவன் பொறந்த தோட்டம் இருக்கு. இப்ப சுத்தி எல்லாம் செம்பனை மரம். தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்துல ஒரு வரிச வீடு மட்டும் நிக்கிது, அதுலயும் பாதி பூட்டி கெடக்கு. லயத்துக்கு பின்னாடி முனியாண்டி கோயில், அதுக்கு பின்னாடி ஒரு பெரிய அரசமரம். அந்த மரத்து வேருக்கு நடுவுலதான் வச்சோம். சோத்து டப்பாவுல கறுப்பு டேப்ப சுத்தி, உள்ள கையில கெடச்ச சாமான போட்டோம். கையொடஞ்ச ஒரு பொம்ம, அவங்கம்மா சுருக்குப்பையில கெடந்த செம்புக்காசு. ஒரு தாளுல எங்க ரெண்டு பேர் பேரையும் அவன் எழுதி, சுருட்டி, அவன் மணிக்கட்டுல இருந்த கோயில் கயித்த அவுத்து அதுல கட்டுனான். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. இப்ப இத படிக்கும்போதே ஒங்களுக்கு தோணுதுல்ல? எங்களுக்கு தோணல.

அதுக்கப்பறம் அவன் ஆஸ்திரேலியாவுக்கு பழம் பறிக்க போயிட்டான். மொதல்ல தெனமும் வீடியோ கால். ஆப்பிள கடிச்சுக் காட்டி கடுப்பேத்துவான். அப்பறம் வாரத்துக்கு ஒண்ணு. அப்பறம் நான் மெசேஜ் போட்டா படிச்சிட்டான்னு ரெண்டு நீல கோடு வரும், பதில் வராது. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்ட போட்டிருந்தாலாச்சும் சமாதானம் பேசப் போயிருக்கலாம். கேண்டீன்ல நான் இன்னும் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுறேன். புதுசா வந்த பசங்க சிரிக்கிறாங்க. மரியாதைக்கு.

போன மாசம் அந்த வெளையாட்டு ஆப்ல இருந்து ஒரு சேதி வந்துச்சு. எங்க டப்பாவ தேடிப்போன மூணு பேருக்கும் கெடைக்கலயாம். வச்சவங்க போயி பாத்து, இருக்குன்னு சொல்லணும், இல்லாட்டி மேப்ல இருந்து எடுத்துருவாங்களாம். ஆப்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். அவன் போனுக்கும் அது போயிருக்கும். "மச்சான் பாத்தியா"ன்னு கேட்டேன். நீல கோடு.

மத்த டப்பாவுலயெல்லாம் அந்தக் கணக்கு பேர நாந்தான் எழுதுவேன். எங்க ரெண்டு பேர் பேரும் சேந்து இருக்குற எடம் இந்த உலகத்துல அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா, நாங்க கூட்டாளிங்களா இருந்ததுக்கு சாட்சி எதுவும் இல்ல. அதான் கார எடுத்துக்கிட்டு கெளம்புனேன்.

நேரா போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம். ஆனா பழைய வழியிலயே, நின்னு நின்னு போனேன். சுங்கை பட்டாணியில மணிக்கூண்டு பக்கத்துல ஒரு டப்பா. எடுத்து பேர எழுதுனேன். திரும்பி "கெடச்சிருச்சுடா"ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். பின்னாடி ஒரு மலாய்க்கார மக்சிக், வயசான அம்மா, கைப்பையோட நின்னாங்க. சிரிச்சு வச்சேன், அவங்க பைய இறுக்கி புடிச்சுக்கிட்டாங்க. பீடோங்ல பழைய கடவீதி தூணுக்கு பின்னாடி ஒரு காந்த டப்பா ஒட்டியிருக்கும். அங்க ஆளு நடமாட்டம் ஜாஸ்தி. ஆள் பாக்க ஒருத்தரும் இல்லாம, தூணுல சாஞ்சு போன் பேசுற மாதிரி நின்னேன். யாரோடயும் பேசாம பேசுற மாதிரி நிக்கிறது எவ்வளவு சூசா, எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. "ஆமா... ஆமா... சரி... சாப்ட்டியா?"ன்னு நானே கேட்டு நானே தலையாட்டுனேன். கொஞ்ச நேரத்துல நெசமாவே யாரோ அந்தப் பக்கம் இருக்குற மாதிரி ஆயிருச்சு. போன வச்சப்ப ஒரு மாதிரி இருந்துச்சு.

செமிலிங்ல படகுத்துறை பெஞ்சுக்கு அடியில ஒண்ணு. அத எடுத்துட்டு அங்கயே ஒக்காந்து பொட்டலம் நாசி லெமா சோத்த தின்னேன். ஆறு கலங்கலா போயிட்டு இருந்துச்சு. ஒரு கொரங்கு வந்து பெஞ்சோட அந்தப் பக்கம் ஒக்காந்துச்சு. "வா மச்சான்"னேன். பொட்டலத்த புடுங்கிட்டு ஓடிருச்சு. குணமும் சரியா அவன மாதிரியே.

மெர்போக்ல, நம்ம ஆளுங்க எப்பவோ கப்பல்ல வந்து கட்டுன கோயிலோட கல்லெல்லாம் மலையடிவாரத்துல கெடக்கும். மொத தடவ அங்க போனப்ப அவன் சொன்னான், "இவங்களும் ஒளிச்சு வச்சிட்டுத்தான் போயிருக்காங்க மச்சான், தாளு வைக்கத்தான் மறந்துட்டாங்க." இந்த தடவ அங்க காடிய நிப்பாட்டல.

மதியத்துக்கு மேல தோட்டத்துக்கு போயி சேந்தேன். காடிய கோயில் பக்கத்துல போட்டுட்டு மரத்துக்கு பின்னாடி போனேன். போனவன் அப்படியே நின்னுட்டேன். நாங்க டப்பா வச்ச எடத்துல ஒரு மண்சட்டி கவுத்து வச்சிருக்கு. சட்டி மேல விபூதி பட்ட, குங்குமம். சுத்தி அறுத்துப் போட்ட எலுமிச்சம்பழம், காஞ்சு கறுத்து கெடக்கு. பக்கத்துல ஒடஞ்ச பூசணிக்கா. கோயிலுக்கு போற ஒத்தயடிப் பாதையே மாறியிருக்கு. மரத்த விட்டு தள்ளி, புல்லுல புதுசா ஒரு பாத சுத்திப் போவுது.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. வயிறு வலிக்க சிரிச்சேன். சிரிச்சிட்டு பக்கத்துல பாத்தேன். ஒருத்தரும் இல்ல. சிரிப்பு அதுவா நின்னு போச்சு.

குனிஞ்சு சட்டிய தூக்குனேன்.

"டேய்! கைய எடு!"

ஒரு அண்ணன், கையில பாராங் கத்தியோட. செம்பனை மட்ட வெட்டிட்டு வந்தவரு போல. அவருக்கு பின்னாடி நைட்டிக்கு மேல துண்டு போட்ட ஒரு அக்கா, அவரு சம்சாரம், ஓட்டமும் நடையுமா வர்றாங்க. ஆள் பாக்க ஒருத்தன் இருந்திருந்தா இந்நேரம் மோதிரத்த கேட்டிருப்பான்.

"மோதிரம் தேடுறேண்ணே"ன்னேன், பழக்கத்துல.

"சட்டிக்கு அடியிலயா?"

"யாரு வீட்டு புள்ளடா நீ?"ன்னு அக்கா மூச்சு வாங்குனாங்க. "எங்களுக்கு என்னா கெடுதல் பண்ண வந்த? இத வச்சதுல இருந்து எம் மகளுக்கு வந்த ரெண்டு சம்பந்தமும் தட்டிப்போச்சு!"

லயத்து வீட்டுக்குள்ள இருந்து ஒரு பொண்ணு கொரலு, "அம்மா! மாப்பிள்ளைங்கதான் சரியில்லன்னு எத்தன தடவ சொல்றது!"

"நீ சும்மா இருடி!"

அப்பறந்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு. கோயில் கூட்டும்போது டப்பாவ கண்டெடுத்தவங்க அந்த அக்காதான். பொம்ம, செம்புக்காசு, செவப்பு கயித்துல கட்டுன தாளு. செய்வினைன்னு பயந்து பூசாரிய கூட்டிட்டு வந்திருக்காங்க. அவரு தொறந்து பாத்துட்டு, எடுத்தா எடுத்தவங்கள புடிக்கும், கட்டிப் போட்டுத்தான் வைக்கணும்னு சட்டிய கவுத்துட்டு போயிருக்காரு. தேடி வந்த மூணு பேரையும் இந்த அண்ணந்தான் பாராங்க காட்டி வெரட்டியிருக்காரு. தடுத்தது சட்டி இல்ல சாமி, பாராங்தான்.

"அக்கா, இது வெளையாட்டுக்கா. நானும் எங் கூட்டாளியும் வச்சது"ன்னு போன காட்டுனேன். மேப்ப பாத்தாங்க. என் மூஞ்சிய பாத்தாங்க. ரெண்டையும் நம்பல.

"முனியாண்டி முன்னாடி கற்பூரம் அணச்சு சொல்லு, நம்புறேன்."

கோயில்ல கற்பூரத்த ஏத்துனாங்க. யாருக்கும் கெடுதல் நெனைக்கல, வெளையாட்டுக்கு வச்சதுன்னு சொல்லி உள்ளங்கையால அடிச்சு அணச்சேன். சுள்ளுன்னு சுட்டுச்சு. கத்திட்டேன். அண்ணன் மொத தடவயா சிரிச்சாரு. பாராங்க கீழ போட்டாரு.

சட்டிய தூக்கி, டப்பாவ நானே தொறந்தேன். எல்லாம் அப்படியே இருந்துச்சு. அக்கா எட்ட நின்னு கேட்டாங்க, "ரெண்டு ஆம்பள பேரு எழுதியிருக்குன்னு பூசாரி சொன்னாரு. யாரு அந்த இன்னொருத்தன்?"

"இந்த லயத்து கடைசி வீட்டு பையந்தான்க்கா."

"அந்த குட்டையனா? எம் மாமரத்துல ஒரு பிஞ்சு விடாம திருடுவானே?"

"அவனேதான். இப்ப ஆஸ்திரேலியாவுல பழம் பறிக்கிறான்."

"இங்க செஞ்சதத்தான் அங்கயும் செய்யிறானா! அதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா?"ன்னு அக்கா சிரிச்சாங்க. சிரிச்சிட்டே, "நல்லா இருக்கானா? பேசுறானா?"ன்னு கேட்டாங்க.

டப்பா மூடிய தொடச்சுக்கிட்டே, "நல்லா இருப்பான்க்கா"ன்னேன்.

அக்கா கொரல தாழ்த்தி சொன்னாங்க. "ரெண்டு பேர் பேர எழுதி, கயிறு கட்டி, மரத்தடியில வச்சா பிரிஞ்சுதான்டா போவீங்க தம்பி. அதுக்குத்தான் அப்படி வைக்கிறதே. ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?"

எனக்கு அதுல நம்பிக்க கெடையாது. ஆனா யோசிச்சுப் பாத்தேன், டப்பா வச்சதுக்கு அப்பறந்தான் அவன் போனான். "நல்லா வேல செஞ்சிருக்குக்கா"ன்னேன். அவங்களுக்கு அது வெளையாட்டா தெரியல. எனக்கும்தான்.

அரசமரத்தடியில திருப்பி வைக்கவே கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. சனங்க பயப்படுவாங்க, நியாயந்தான். அப்ப கதை முடிஞ்சுதுன்னு டப்பாவ மூடுனேன். அக்கா கேட்டுக்கிட்டு நின்னாங்க. "வர்றவங்க சும்மா பேரு எழுதிட்டு போவாங்க, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"அதுக்காகவா அவ்வளவு தூரம் வர்றாங்க?"

"ஆமாக்கா."

"இங்க யாருடா வர்றா, தேர்தலுக்கு வர்றவன தவிர"ன்னு சொல்லிட்டு, வேலியோரம் நின்ன மாமரத்த காட்டுனாங்க. "அதுல கட்டு. திருடுனவன் டப்பா அங்கயே தொங்கட்டும். நான் பாத்துக்குறேன். ஆனா அந்தத் தாளு வேணாம். கற்பூரத்துல போட்டு எரிச்சிரு."

"பீச்சுப்பக்கம் போறேன்க்கா, கடல்ல விட்டுறேன்"னு சொல்லி சட்டப்பையில வச்சேன். சத்தியம் பண்ண கை இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. முனியாண்டி ஒரு பொய்ய பொறுத்துக்குவாருன்னு நெனச்சேன். அது அவன் கையெழுத்து. கோழி கிண்டுன மாதிரி இருக்கும், ஆனா வேற எங்கயும் இல்ல.

புதுத் தாளு வச்சேன். மொத பேரு யாரு எழுதுறதுன்னு பாத்தேன். அக்காவோட மக வெளிய வந்து, "குடுங்க, நான் எழுதுறேன்"னு வாங்கி எழுதுனா. அக்கா பதறிப்போயி, "ஒத்தப் பேருதானே? கூட எதுவும் எழுதிறாதடி"ன்னாங்க.

டப்பாவ மாமரத்துல கட்டிட்டு, காடியில ஒக்காந்து ஆப்ப தொறந்தேன். எடத்த மாத்தி மாமரத்துக்கு வச்சேன். டப்பா இருக்குன்னு அமுக்குனேன். கீழ ஏதாச்சும் எழுத சொல்லி கட்டம் வரும். எழுதுனா அவன் போனுக்கும் போவும். ரொம்ப நேரம் யோசிச்சு, இதத்தான் எழுதுனேன்: "டப்பா பத்திரம். நமக்கு செய்வினை இருந்துச்சு மச்சான், எடுத்தாச்சு. இனிமே நீ பேசலாம்."

அனுப்பிட்டு காடிய எடுத்தேன். தாள கண்ணாடிக்கு மேல வெயில் மறைக்கிற தட்டுல செருகி வச்சேன். அன்னிக்கு எனக்கு ராத்திரி சிப்டு, திரும்பிப் போயாவணும். பீடோங் செவப்பு வெளக்குல நிக்கும்போது போன் அதிர்ந்துச்சு. எரியிற கையாலயே எடுத்தேன்.

அவன் இல்ல. எங்க டப்பா கெடைக்காம திரும்பிப் போன மூணு பேர்ல ஒரு ஆளு. "திருப்பி வந்து தேடலாமா? காடி நிப்பாட்ட எடம் இருக்கா?"ன்னு கேட்டிருந்தாரு.

பச்ச விழுந்துருச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். ஓரமா ஒதுக்கி நிப்பாட்டிட்டு பதில் போட்டேன்.

"எடம் இருக்கு. மாமரம் நிக்கிற வீட்டு முன்னாடி போடுங்க. அக்கா கேட்டா மோதிரம்னு மட்டும் சொல்லிறாதீங்க. முடிஞ்சா கூட ஒரு ஆள கூட்டிட்டு வாங்க."