‘சாரிட்டி’ என்ற ஒரு சொல்

போன ஞாயிறு ஆராதனையில் திரையில் போட்ட ஆங்கில வேத வசனம் எனக்குப் பிடிபடவே இல்லை. மொழிபெயர்ப்பை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் யாரோ பெப்பர்மின்ட் பிரித்தார்கள். அந்த வாசனை என்னைச் சூசைதாசனின் காருக்குள் கொண்டுபோய் விட்டது.

சூசைதாசன் மன்னார்க்காரன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், விரி என்ற புறநகரில் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கினோம். நாங்கள் குடியிருந்த மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து அவனுடைய காரில்தான் வேலைக்குப் போவேன். அவன் பெப்பர்மின்ட் மென்றபடி ஓட்ட, நான் பழைய ஆங்கில வேதாகமத்தை உரக்க வாசிப்பேன். இங்கிலீஷ் பழக எங்களிடம் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான். அந்த நானூறு வருஷத்து நடையில் நான் லீவு கேட்க, மேற்பார்வையாளர் மறுபடி சொல்லச் சொன்னதும் உண்டு.

அவனுடைய மகள் மெலனியின் கல்யாணத்தில், வேதாகமத்தில் அன்பைப் பற்றி வரும் அதிகாரத்தை வாசிக்க என்னைத்தான் கேட்டார்கள். பழைய புத்தகத்தில் அந்த அன்பு ‘சாரிட்டி’ என்றிருக்கும். ஒத்திகையில் மெலனி என்னை நிறுத்தினாள்.

“அங்கிள், சாரிட்டி எண்டா இங்க பழைய உடுப்பு விக்கிற கடை. ப்ளீஸ், லவ் எண்டு வாசியுங்கோ.”

“கிரேக்கத்திலயிருந்து இதை இங்கிலீஷுக்குக் கொண்டுவந்த மனுசனைக் கழுத்தை நெரிச்சு எரிச்சவை, பிள்ளை. அப்பிடி வந்த சொல்லை மாத்தேலாது.”

“அவளின்ர கல்யாணம், மச்சான். ஒரு சொல்லுதானே” என்றான் சூசைதாசன்.

“அப்ப நான் வாசிக்கேல்லை.”

மாப்பிள்ளையின் தங்கை வாசித்தாள். நான் கடைசி வாங்கில் உம்மென்று இருந்தேன். திங்கட்கிழமை ரயிலில் வேலைக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க அவன் காலையில் என் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்துப் பார்த்தான். நான் வெளியே வரவில்லை; கிடங்கிலும் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை, அவன் வீட்டுக்குப் போவதையும் விட்டேன். உங்களிடம் மறைத்து என்ன, அவ்வளவு வீம்பு எனக்கு.

ஓய்வு பெற்றபின் நூலகத்தில் அந்த வரலாற்றை ஒழுங்காக வாசித்தேன். எரிக்கப்பட்ட மனிதர் அந்த அதிகாரத்தில் எழுதியிருந்தது ‘லவ்’. அதற்காகவே அவரைத் திட்டியும் இருக்கிறார்கள். ‘சாரிட்டி’யைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்த பண்டிதர்கள். யார் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்தேனோ, அவரே மெலனியின் பக்கம். இதை முன்னமே வாசித்துத் தொலைத்திருக்கலாம்.

சூசைதாசன் அதற்குள் பிரிஸ்பேனுக்குப் போய், அங்கேயே செத்தும் போயிருந்தான். இங்கேயே தகனினி என்ற ஊரில் இருக்கும் மெலனிக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“சொறி அங்கிள், அண்டைக்கு ஆர் வாசிச்சதெண்டே எனக்கு ஞாபகமில்லை” என்றாள். “நீங்கள் தூரத்துக்கு வீடு மாறிப்போனதால எங்கட வீட்டுக்கு வாறேல்லை எண்டெல்லோ அப்பா சொன்னவர்.”

நான் அதே வீட்டில்தான் இருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. என்னை மகளிடம் விட்டுக்கொடுக்காத அந்த ஒருவனிடம், என் பிழையை ஒப்புக்கொள்ள இப்போது வழியில்லை.