ஓடைக்கரையிலை போட்ட வேலி

என்ரை முன்பல்லு ஒண்டு பீங்கான். ஏன் எண்டு கேக்கிற ஆக்களுக்கு, ஊரிலை ஆமி அடிச்சது எண்டு சொல்லிப் பாத்தன். ஒரு மரியாதை வரும். ஆனா மனிசி பக்கத்திலை நிண்டா அந்த மரியாதை கனநேரம் தங்காது. உண்மை என்னெண்டா, லண்டன் கிங்ஸ்பரியிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, பஸ் ஓடுற அண்ணை ஒருத்தர் வில்லோ மரக் கட்டையாலை அடிச்சு உடைச்சவர். சண்டை காணிக்கு. அந்தக் காணி எங்கள் ரெண்டு பேருக்கும் சொந்தமில்லை.

கவுன்சில் வாடகைக்குக் குடுக்கிற தோட்டத் துண்டுகள் அதுகள். எனக்கும் அண்ணைக்கும் கிடைச்சது கடைசித் தொங்கல். பைப் அங்கை வராது. பின்னாலை ஒரு ஓடை, அந்தத் தண்ணி பழைய மண்குழாய் ஒண்டுக்குள்ளாலை வந்து எங்கட தண்ணித் தாங்கியிலை விழ வேணும். ஆனா ஓடைக்கரை முழுக்க வில்லோவும் முள்ளுப்பத்தையும் மண்டி, தண்ணியை உறிஞ்சி, குழாயையும் வேராலை அடைச்சுப் போட்டுது.

கவுன்சில்காரர் வந்து பாத்தார். வெட்டுற செலவிலை பாதி தாங்கள், பாதி நாங்கள் எண்டார். அடுத்த வருசம் திரும்பி வருவாராம், ஓடை ஓடாட்டி எங்கட துண்டுகளைப் பறிச்சுப் புல்லுக்கு விடுவாராம். எனக்கு அந்தத் துண்டு போனா ஞாயிற்றுக்கிழமையளிலை வீட்டிலை இருக்க வேணும். என்னைவிட மனிசிக்குத்தான் அதிலை பயம்.

கவுன்சிலின்ரை பாதி மெஷினா வந்தது. எங்கட பாதி எங்கட உடம்பு. முள்ளுப்பத்தை லேசிலை சாகாது. மெஷின் கழுத்தைச் சீவ, அறுந்த கொடி சுழண்டு வந்து கன்னத்திலை விளாசும். அண்ணை கத்தியாலை கொத்தினார், நான் அலவாங்காலை வேரைக் குத்திக் கிளப்பினன். பத்தைக்குள்ளை குடியிருந்த எலியள் சிதறி ஓடினதிலை ஒண்டு மெஷினுக்குள்ளை போச்சு, அதின்ரை மிச்சம் என்ரை காற்சட்டையிலை. வேரெண்டு நினைச்சு என்ரை கணுக்காலையும் ஒருக்காக் குத்தினன். பின்னேரம் ரெண்டு பேரும் இறைச்சிக்கடையாலை வந்த ஆக்கள் மாதிரி நிண்டம்.

குழாய்க்குள்ளை அலவாங்கை விட்டு இடிக்க, கறுத்த சேறு வாந்தி மாதிரிப் பாய்ஞ்சுது. பேந்து தெளிஞ்ச தண்ணி. நாங்கள் கட்டிப்பிடிச்சம்.

அந்த அன்பு அடுத்த ஞாயிறு மட்டும்தான். எங்கட ரெண்டு துண்டுக்கும் நடுவிலை வந்து மண்டி எல்லையா நிண்டதும் அந்தப் பத்தைதான். இப்ப வேலியில்லாமல் பக்கத்திலை பக்கத்திலை ரெண்டு யாழ்ப்பாணத்தார். நான் போகேக்கை, வெட்டின வில்லோக் கொப்புகளைக் கூராக்கி, அண்ணை வரிசையா வேலிக் கதியால் இறுக்கிக்கொண்டு நிக்கிறார்.

"அண்ணை, உது என்ரை லீக்ஸ் பாத்தி."

"பத்தை நிண்ட இடத்திலைதான் ஐசே போட்டனான்."

"பத்தையின்ரை நடுவிலையோ, என்ரை கரையிலையோ?"

"நீர் அளந்தனீரோ?"

நான் ஒரு கதியாலைப் பிடுங்கினன். அவர் மற்ற நுனியைப் பிடிச்சார். "கையை எடுங்கோ அண்ணை" எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டு மூக்கிலை குத்தினன். என்ரை சீவியத்திலை சரியா விழுந்த ஒரே குத்து அதுதான். அவற்ரை ரத்தத்தைப் பாத்து எனக்குத் தலை சுத்திச்சுது. அந்த இடைவெளியிலை கட்டை வந்தது. பல்லு லீக்ஸுக்குள்ளை போய் விழுந்தது.

பேந்து உருண்டம். அவற்ரை முழங்கால் என்ரை நெஞ்சிலை, என்ரை விரல் அவற்ரை கழுத்திலை. அப்பவும் அவர் "விடும் ஐசே", நான் "நீங்கள் முதல் விடுங்கோ". ஓடைக்குள்ளை விழுந்தும் விடேல்லை. மற்றத் துண்டு வெள்ளைக்கார மனிசி, செடிக்கு ஊற வைச்ச நாத்தத் தண்ணியை ஒரு வாளி எங்கட தலையிலை ஊத்தினா. அதுக்கு மேலை சண்டை பிடிக்க ஏலாது.

ரெண்டு வீட்டு மனிசிமாரும் வந்து நிண்டு, சரியா நடுவிலை வேலி போட வைச்சினம். ஓடைக்கரை வரைக்கும், குழாய்க்குப் பக்கத்தாலை, நாங்கள் ரெண்டு பேருமா அந்த வில்லோக் கதியாலையே இறுக்கினம். அடுத்த வருசம் அதெல்லாம் தளிர்க்க எங்களுக்குச் சரியான புழுகம், பாத்துப் பாத்துச் சிரிச்சம். ஊரிலை வேலியெண்டா தளிர்க்கத்தானே வேணும்.

பேந்து தாங்கியிலை தண்ணி குறைஞ்சு, பிறகு சொட்டி, நிண்டுபோச்சு. கவுன்சில்காரர் வாறதுக்குக் கொஞ்ச நாள்தான் கிடந்தது. குழாய்க்குள்ளை கையை விட்டால் சிவத்த வேர், தலைமயிர் மாதிரிக் கட்டுக்கட்டா. வெட்டித் தள்ளின வில்லோவை நாங்களே வரிசை பாத்துத் திரும்ப நட்டு வைச்சிருக்கிறம்.

"நான்தான் முதல் நட்டது எண்டு கவுன்சில்காரரிட்டைச் சொல்லிப் போடாதையும்" எண்டார் அண்ணை.

பிடுங்கத் தொடங்கினம். அது வேலை இல்லை, கொலை. அலவாங்கு இறக்கி, முறிச்சு, தோலுரிச்சு, வேரை இழுத்து அறுத்தம். ஒரு கதியால் விடுபட்டு வந்து அண்ணையின்ரை புருவத்தைப் பிளந்தது. துவாயைக் கட்டிக்கொண்டு திரும்ப வந்து அதே கதியாலை மிதிச்சு நாலா உடைச்சார். எனக்கு அந்தக் கதியாலிலை ஒரு அனுதாபம் வந்தது.

கவுன்சில்காரர் வரேக்கை தாங்கியிலை தண்ணி விழுந்துகொண்டிருந்தது. தண்ணியைப் பாத்தார், அண்ணையின்ரை தலையிலை கட்டின துவாயைப் பாத்தார், துண்டுகள் உங்களுக்குத்தான் எண்டு தலையாட்டிப்போட்டுப் போனார்.

கடைசிக் கதியால் நிண்ட குழியிலை தண்ணி ஊறி நிரம்பிச்சுது. ரெண்டு பேரும் அலவாங்கோடை பாத்துக்கொண்டு நிண்டம்.

"ஐசே, அப்ப எல்லை?" எண்டார்.

நான் நாக்காலை பீங்கான் பல்லைத் தடவிப் பாத்தன்.

"நீங்கள் சொல்லுற இடம் அண்ணை."