கணக்கு ரீச்சர் முடித்த நரிக்கதை

வட்டக்கச்சி வாசிகசாலைக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வந்தால், பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கமுன் யாராவது அதைப் படித்து, ஞாயிறு பின்னேரம் விமர்சனம் சொல்லவேண்டும். அது என்னுடைய வேலையாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த கணக்கு ரீச்சர் அதைப் பறித்துக்கொண்டா.

மெலிந்த, உயரமான மனுசி. பேர் நான் கேட்கவேயில்லை. கதைக்கும்போது பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பை, கழுத்துக் கயிற்றில் தொங்கியதை, விரலால் உருட்டிக்கொண்டே இருப்பா. நான் கதைத்தபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், அவா கதைத்தபோது கண்வெட்டாமல் இருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கார்ட்டூன் தொடரிலிருந்து எடுத்த கதையொன்று. காட்டுத்தீக்குப் பயந்து ஒரு நரி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறது. புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை. ரீச்சரோ, நரி திரும்பிப் போய்த் தன் கதவைத் திறந்தது என்று முடித்துவிட்டா.

இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று எழும்பினேன்.

"ரீச்சர், இதை ரீவியிலை பாத்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி."

"நான் கொழும்பிலை பாத்தனான். நரி வேறை காட்டிலை புது வீடு கட்டும். அதுதான் முடிவு."

திறப்பை உருட்டிய விரல் நின்றது.

"அப்பிடியெண்டால் அந்தத் தாள் கிழிஞ்சது நல்லது," என்றா.

பிள்ளைகள் கைதட்டினார்கள், அவாவுக்கு.

போன மாதம் மகளோடு அதே தொடரைத் திரும்பப் பார்த்தேன். நரி புது வீட்டுக்குள் நுழைந்தது. "முடிவு பிழை," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப எது சரி அப்பா?"

ரீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். மகள் கண்வெட்டாமல் கேட்டாள்.

அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.