குதிகாலைக் கீழே வைக்கச் சொன்ன நாள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இரத்தோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் சிற்றூழியராக இருந்தேன். கிரவுண்டைக் கூட்டுவது, சொஃப்ட்போலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, பேஸ்களைப் பதிப்பது எல்லாம் என் வேலை. ஆட்களோடு பேசக் கூச்சம். ஓரமாய் நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருஷம் கண்டியிலுள்ள ஒரு பெரிய கல்லூரியின் சொஃப்ட்போல் கோச் சேர், தன் டீமுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வந்தார். எடுபட்டால் ஹொஸ்டலும் சாப்பாடும் இலவசம், ஏ.எல். உயர்தரம் வரை படிக்கலாம். எடுபடாவிட்டால், எங்கள் டீமில் ஆடிய கோகிலாவைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புவதாக அவள் வீட்டில் முடிவாகியிருந்தது.

கோகிலா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, ஆள் குள்ளம். ஷோர்ட்ஸ்டொப்பில் நிற்பாள். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே அவளைத் தாண்டிப் பந்து போய் நான் பார்த்தது குறைவு. அவள் பெட் பிடித்து அடிக்க நின்றால் பந்து போடுகிறவளுக்கும் கஷ்டம். ஸ்ட்ரைக் என்றால் பந்து அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடையில் போக வேண்டும். அவளிடம் அந்த இடமே கொஞ்சம்தான்.

சேர் பந்தைத் தொடவில்லை. ஸ்டோர் சுவரில் சோக்கால் ஒரு கோடு போட்டார்.

"இதுக்குக் கீழ இருக்கிறவங்க வகுப்புக்குப் போகலாம்."

விளையாட்டு டீச்சர் கேட்டார். "சேர், கோகிலா ஆடுறத ஒரு தடவ பாத்துட்டு அளங்களேன்."

"கட்டப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா, பிரைமரி டீமான்னு கேப்பாங்க டீச்சர்."

தலைமேல் பலகை வைத்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கோகிலாவின் முறை வந்தது. பலகை கோட்டைத் தொட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. கீழே பார்த்தேன். நீளக் காற்சட்டை மறைத்தும், இரண்டு குதிகாலும் தூக்கியிருந்தது தெரிந்தது. கோடு போட்டே பழகியவள் நான். கோணலைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும்.

"குதிகால கீழ வை புள்ள."

வைத்தாள். பலகை கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியது.

"இந்த அக்கா சரியான ஆளு," என்று சேர் சிரித்தார். "அடுத்த வருஷமும் இவங்களையே புடிக்கச் சொல்லுங்க."

எடுபட்ட இரண்டு பேரில் ஒருத்தி, பந்து வந்தால் கண்ணை மூடுகிறவள்.

பஸ்ஸுக்குப் போகும்போது கோகிலா என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"பேசாம இருந்திருந்தா ஒங்களுக்கு என்னக்கா கொறஞ்சிருக்கும்?"

நான் பலகையை ஸ்டோருக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த வருஷமும் சேர் வந்தார், கோடு போட்டார், நான்தான் பலகை பிடித்தேன். எந்தப் பிள்ளையின் காலையும் பார்க்கவில்லை. அதனால் கோகிலாவுக்கு என்ன? அவள் கொழும்புக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது.

பள்ளிக்கூட வேலைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். முதலில் ஆடவிட்டுப் பாருங்கள் என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று சும்மா நின்றேன். குதிகாலைக் கீழே வை என்று சொல்லவும் எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. அதைச் சொல்ல மட்டும் கூச்சம் வரவில்லை.