பூசைத் தட்டில் ஒரு நத்தைக்கல்

கல்லை நாக்கால் தொட்டால் முதலில் உப்புக் கரிக்கும். பிறகு, அது மிகப் பழைய எலும்பாக இருந்தால், நாக்கோடு லேசாக ஒட்டிக்கொள்ளும். புதைபடிவம் பொறுக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கான இந்த முதல் பாடத்தைப் பள்ளி நூலகத்து மலாய்ப் புத்தகம் ஒன்றில் படித்துவிட்டு, பன்னிரண்டு வயதில் தஞ்சோங் தோக்கோங் கடற்கரையில் கண்ட கல்லையெல்லாம் நக்கிக்கொண்டு திரிந்தவள் நான். "கருமம், கருமம், துப்புடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

கடலை நிரப்பி நிலமாக்குவதற்காக அப்போது கடலடி மணலை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்றைக்கோ செத்துக் கல்லாகிப்போன சிப்பிகளும் அந்த மணலோடு வந்து விழுந்தன. ஆனால் எது வெறும் கல், எது படிவம் என்று எனக்கு எங்கே தெரிந்தது? கோழி எலும்பைச் சுறாப் பல் என்று சாதித்தேன். ஓட்டுச் சில்லைப் பவளம் என்று நம்பி டப்பாவில் பத்திரப்படுத்தினேன். மெல்ல மெல்லத்தான் கண் பழகியது. வெறும் கல்லில் கோடுகள் கண்டபடி ஓடும், ஒரு காலத்தில் உயிர் இருந்த கல்லிலோ கோட்டுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும்.

அப்படி ஒழுங்கோடு ஒன்று கிடைத்தது. எலுமிச்சை அளவு, கன்னங்கரேல் நிறம், ஒரு பக்கத்தில் அழகாகச் சுருண்ட சுழி. தேய்த்துக் கழுவி, சமையலறை மேடையில் காயவைத்திருந்தேன். பார்த்த அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "சாளக்கிராமம்டி! பெருமாளே வீடு தேடி வந்திருக்காரு, நீ பல் பிரஷ்ஷ போட்டுத் தேய்ச்சிருக்க!" அவ்வளவுதான், கல் பூசைத் தட்டுக்கு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை பால், தினமும் துளசி. என் கல்லை நானே தொட வேண்டுமென்றால் குளித்துவிட்டு வர வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள்.

அம்மாவைக் குறை சொல்லவும் வழியில்லை. பாயான் லெப்பாஸில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்று அவரை அனுப்பிவிட்டிருந்தார்கள். வேறு வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்கை பாக்காப்பில் மாமா வீட்டோடு போய் ஒண்ட வேண்டியதுதான் என்று இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். அம்மா ஒழுங்காகத் தூங்கி வெகு நாளாகியிருந்தது. கல் வந்த பிறகுதான் அவருடைய குறட்டைச் சத்தம் மறுபடி கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு "பாசார்" சந்தைக்குப் போயிருந்தேன். மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் "சிப்புட்" என்னும் கடல் நத்தைகளைக் குவித்து வைத்திருந்தார். உருண்டையான ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அதே சுழி, அதே பக்கமாகச் சுற்றிய சுருள்! நிலா நத்தை. கூடு கரைந்துபோக, உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாக இறுகி எங்கள் வீட்டில் பெருமாளாக உட்கார்ந்திருந்தது. சிப்புட் எங்கள் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்த அம்மா, அதன் மூதாதைக்கு அல்லவா பாலூற்றிக்கொண்டிருந்தார்!

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "அன்னைக்கே பார்த்துட்டேன்லா. எத்தனை சிப்புட் தின்னிருப்பேன், எனக்குத் தெரியாதா? உங்கம்மா இப்பத்தான் நிம்மதியா தூங்குறா. சொல்லித் தொலைச்சிடாதம்மா."

பொல்லாத வயது அது. கண்டுபிடித்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். காலையில் வேலை தேடிக் கிளம்பும் முன் அப்பா அந்தத் தட்டின் எதிரே கைகூப்பிக் கண்ணை மூடி நிற்பார். அடேயப்பா, என்ன நடிப்பு என்று நினைத்துக்கொள்வேன். கடைசியில் அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. நாங்கள் வீடு மாறவில்லை.

இன்று அந்தக் கரை எங்கே இருந்தது என்று காட்டக்கூட முடியாது. கடல் தள்ளிப் போய்விட்டது, நான் கல் பொறுக்கிய இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை. அவருடைய முதல் திதிக்கு வந்திருந்தபோது, "உன் கல்லு, நீயே வச்சுக்க" என்று அம்மா அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"அம்மா, இது சாளக்கிராமம் இல்ல. நத்தைம்மா."

"தெரியும்டி. ரெண்டாவது வெள்ளிக்கிழமை பால் ஊத்தித் துடைக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சு. எத்தனை வருஷம் மீனும் கெராங் சிப்பியும் கழுவுன கை!"

"அப்புறம் ஏம்மா எடுக்கல?"

"எப்படி எடுக்கிறது? உங்கப்பா தினம் அதைக் கும்பிட்டுட்டுத்தானே வெளிய கிளம்புனாரு. அந்த மனுஷனுக்கு இருந்த தைரியம் அது ஒன்னுதான். அவரு நிமிர்ந்து நடந்து போறதப் பார்த்தப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அப்பா யாருக்காகக் கும்பிட்டார் என்பது என் தொண்டை வரை வந்தது. கல்லை அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.