அழத் தெரிந்த செங்கம்மா

வடமாலபேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செங்கம்மாவுக்கு இரண்டு வேலைகள்தான் தெரியும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேர்க்கடலை பிடுங்குவாள். சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போய்ப் பழம் அறுப்பாள். மூன்றாவதாக ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவள் ரேகா. சென்னையிலிருந்து நாலு நண்பர்களோடும் ஒரே ஒரு கேமராவோடும் வந்து, ஊர்க்காரர்களையே நடிக்கவைத்துச் சின்னதாக ஒரு படம் எடுத்தாள். அதில் செங்கம்மாவுக்குக் கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் வேடம். பாடையருகே விழுந்து அவள் அழுததில் கேமரா பிடித்தவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவளுடைய சொந்தக் கணவன் அப்பாவு அப்போது கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "நான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறேன், நீ இன்னாடி இப்படி ஒப்பாரி வெக்கிற?" என்று அன்று முழுக்கக் கிண்டல். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. படம் எங்கெங்கோ விழாக்களுக்குப் போனது; தியேட்டருக்கு மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஊருக்கு ஒரு முறை போட்டுக் காட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து அப்பாவு செத்துப்போனான். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பியவன், பஸ்ஸுக்கு நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. செங்கம்மா அழவில்லை. மறுநாள் எடுக்கும்வரை அவன் காலடியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தாள். விடுவார்களா? அப்பாவுவின் அக்கா மங்கம்மாதான் ஆரம்பித்தாள்.

"கேமராவுக்கு அப்படி அழுதவ, எந்தம்பிக்கு ஒரு சொட்டு வுடலயே!"

நாக்கில் நரம்பில்லாத பேச்சு. ஆனால் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. குழாயடியில் அதே பேச்சு, கடலைக்காட்டில் அதே பேச்சு. மங்கம்மா அவளோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

மறு வருடம் ரேகா திரும்ப வந்தாள். இந்த முறை மூன்று வேன், ஜெனரேட்டர், ஐம்பது ஆட்கள். அந்தப் படத்தை டிவி தொடராக எடுக்கிறார்களாம். ஒன்றரை மணி நேரக் கதை எட்டுப் பகுதியாகிறது. எட்டிலும் செங்கம்மாவுக்கு வேலை. படத்தில் நடுவில் வந்த சாவு, தொடரில் முதல் பகுதியிலேயே வருகிறது.

"அன்னைக்கு அழுதீங்களே, அதே மாதிரி வேணும்மா. அதைப் பார்த்துட்டுத்தான் சேனல்லயே ஒத்துக்கிட்டாங்க" என்றாள் ரேகா. அப்பாவு போய்விட்டது அவளுக்குத் தெரியும். குரல் இறங்கத்தான் செய்தது, ஆனாலும் கேட்டாள்.

செங்கம்மாவுக்குச் சரி சொன்னபிறகுதான் பயம் வந்தது. அழுகை வராதே என்ற பயமில்லை. வந்துவிட்டால்? கேமரா முன்னால் வந்துவிட்டால் ஊர் சொன்னது மெய்யாகிவிடும். முப்பது வருடம் அவனோடு வாழ்ந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

ஷூட்டிங் அன்று நாராயணவனத்து நாடகக்காரர் ஒருவர் பிணமாகப் படுத்தார். சுற்றி மாரடிக்க ஊர்ப் பெண்களையே உட்காரவைத்தார்கள். மங்கம்மாவும் அதில் ஒருத்தி. கேமரா ஓடியது. செங்கம்மா பிணத்தின் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பெண்கள் அழுது ஓய்ந்தார்கள், அவள் அசையவில்லை.

"கட்!" என்று ரேகா ஓடிவந்தாள். "என்னம்மா ஆச்சு? கிளிசரின் போடலாமா?"

"வாணாம்மா. அப்ப எடுத்தது பொய்யி. எனக்கு அப்ப தெரியாது. நெஜம் இப்படித்தான் கீது."

ரேகாவுக்குப் புரிந்தது. மானிட்டர் முன்னால் இருந்த சேனல்காரருக்குப் புரியவில்லை. அழாத விதவையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டார். அரைமணி நேரம் வாதாடிவிட்டு ரேகா தலைகுனிந்து வந்தாள். திருப்பதியிலிருந்து வேறொரு நடிகை வருகிறாள் என்றாள். செங்கம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். எட்டுப் பகுதி வேலையும் அத்தோடு போனது.

பின்னாலேயே மங்கம்மா வந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அன்னிக்கும் இதே மாரிதான உக்காந்துகினு இருந்த. அவன் கால்ல அப்படி இன்னாடி பார்த்த?"

செங்கம்மா நின்றாள்.

"நகம் வளந்து கெடந்துச்சு, அண்ணி. குனிய முடியல, வெட்டி வுடுடின்னு ஞாயித்துக்கெழமையே சொன்னாரு. நாளைக்கி, நாளைக்கின்னு நாந்தான்..."

மங்கம்மா தெருவிலேயே உட்கார்ந்து தம்பி பெயரைச் சொல்லி அழுதாள். செங்கம்மா அவளை எழுப்பித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.